பொருத்தலும் பொறுத்தலும்

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபொழுது, யான் தமிழாசிரியன் ஆதலின், சங்கச் செய்யுளைப் பற்றியோ சமய இலக்கியத்தைப் பற்றியோ எழுதுவேன் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யான் எழுதப் புகுந்ததோ ஒருவர் உடலினின்றும் எடுத்து மற்றொருவர் உடலிற் பொருத்திய சிறுநீரகத்தைப் பற்றி. "பயிற்றப்பட்ட தமிழாசிரியனுக்கு வைத்தியத்தில் என்ன வேலை?" என்று வினவுவோர் இருப்பர். வினா நியாயமானதே. அதற்கு விடை இது: என் மாணாக்கன் ஒருவனுக்கு நேர்ந்த பெருங்கேட்டிற்கு யான் சொன்ன தமிழ்ச் சொல் ஒன்றும் காரணமாயிற்று. சொல்லால் விளைந்த பிழையைச் சொல்லிக்கொடுக்கும் தொழிலையுடையவனே திருத்துதல் முறை.

பழைய மாணவருட் பலர் இன்று கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்கள்பொருட்டு ஊர்நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். 1990களில், வடமத்திய மாகாணத்து மதவாச்சி, பதவியா முதலிய பகுதிகளிலே, நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாத கமக்காரருக்கும் சிறுநீரகம் பழுதுறுவதை வைத்தியர்கள் கண்டனர். அப்பகுதிகள் நம் வவுனியாவுக்கு அயலிடங்கள். நோய் மாகாண எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடவில்லை. வன்னிக் கிராமங்களிலும் புகுந்தது. கிணற்று நீரின் வன்மை, நீரிற் கலந்த புளோரைட்டு, வயலுக்குத் தெளிக்கும் நஞ்சு, கொடுவெயிலில் நீரருந்தாது உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டன. இதுவே காரணம் என்று ஒன்றனை மட்டும் சுட்டும் முடிவு இன்னும் எய்தப்படவில்லை. 2021ஆம் ஆண்டு பொலன்னறுவையிலே சிறுநீரக நோய்க்கெனத் தனியே ஒரு தேசிய வைத்தியசாலை திறக்கப்பட்டமை இந்நோயின் பரப்பினை ஒருவாறு உணர்த்தும்.

சிறுநீரகம் இரண்டும் முற்றாகச் செயலிழந்தவருக்கு வழி இரண்டே. ஒன்று, வாரந்தோறும் வைத்தியசாலைக்குச் சென்று இயந்திரத்தின் துணையாற் குருதியைச் சுத்திகரித்தல் போன்ற சிகிச்சைகளால் நாளைக் கடத்துதல். மற்றையது, வேறொருவரின் சிறுநீரகத்தைப் பெற்றுப் பொருத்துதல். இரண்டாவது வழி நம் நாட்டிற்குப் புதியதன்று. 1985ஆம் ஆண்டு கொழும்பிலே பேராசிரியர் ஷெரிப்டீன் சத்திரசிகிச்சை செய்ய, பேராசிரியர் ரெஸ்வி ஷெரிப் வைத்தியத்தை நடத்த, இலங்கையின் முதலாவது சிறுநீரக மாற்றுச் சிகிச்சை நிகழ்ந்தது. அதற்கு முன்னரே 1971இல் தமிழ்நாட்டின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அது கைகூடியிருந்தது. இன்று ஊருக்கு ஒருவர் இருவராவது பிறர் சிறுநீரகத்தோடு வாழக் காண்கிறோம்.

அவ்வாறு வாழ்ந்தவருள் ஒருவனே யான் கூறிய மாணாக்கன். உயர்தரம் முடித்துத் தந்தையின் வயலையே தொழிலாகக் கொண்டவன். இருபத்தைந்து வயது நிரம்புமுன் சிறுநீரகம் இரண்டும் பழுதாயின. தாயார் தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். சில மாதங்களின் பின், முகத்தில் வீக்கம் நீங்கிப் பழைய பொலிவோடு என்னைக் காண வந்தான். "சேர், இனி இது என்ர உடம்புதானே? உடம்பு அதை ஏற்றுக்கொண்டிட்டுதுதானே?" என்று கேட்டான். யான் மகிழ்ச்சி மிகுதியால், "ஓம் தம்பி, ஏற்றுக்கொண்டிட்டுது, இனிப் பயமில்லை" என்று கூறி முதுகில் தட்டிக் கொடுத்தேன். ஆசிரியன் வாய்ச்சொல்லை வேதமாகக் கொள்ளும் ஊர் நம் ஊர். அன்று யான் அதனை நினைத்திலேன்.

இரண்டாண்டு கழிந்தது. உடம்பில் நோவு இல்லை. சிறுநீர் செவ்வனே கழிந்தது. அறுவடைக் காலம் வந்தது. கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாட்கூலியும் பேருந்துச் செலவும் வேண்டும். முதலில் மாலை மாத்திரையை விட்டான். பின்னர் சில நாள் காலை மாத்திரையையும் விட்டான். ஈற்றில் முழுவதையும் விட்டான். வீட்டார் கேட்டபொழுது, "உடம்பு ஏற்றுக்கொண்டிட்டுதெண்டு சேரே சொன்னவர்" என்றானாம். அடுத்த குருதிச் சோதனையில் உண்மை வெளிப்பட்டது. காலங் கடந்துவிட்டது. தாயார் கொடுத்த சிறுநீரகம் மடிந்தது. அவன் மீண்டும் சுத்திகரிப்பு இயந்திரத்தை நாடுகிறான். அவனைக் காணச் சென்ற யான் தாயாரின் முகத்தைப் பார்க்க இயலாது நின்றேன். அவர் என்னைக் கடிந்தாரல்லர். "என்னட்ட இன்னும் ஒண்டு இருக்குத்தானே, அதையும் எடுங்கோ எண்டு கேட்டனான் சேர், ஏலாதாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்று தொடங்கி இப்பொருளைப் படிக்கலானேன். விஞ்ஞான ஆசிரியரான நண்பர்களிடம் கேட்டேன். வைத்தியரான பழைய மாணவரிடம் கேட்டேன். யான் விளங்கிக்கொண்டதை, விஞ்ஞானம் படியாத என்போன்றோர்க்கும் விளங்குமாறு இங்கே தருகின்றேன்.

நம் உடலினுள் ஒரு காவற்படை இருக்கிறது. விஞ்ஞான பாடத்தில் அதனை நிர்ப்பீடனத் தொகுதி என்பர். அதன் முதன்மையான வீரர் நிணநீர்க்குழியங்கள் எனப்படும் ஒருவகை வெண்குழியங்கள். நோய்க்கிருமி புகுந்தால் கண்டறிந்து கொல்லுதல் அவற்றின் தொழில். தன் கலம் எது, பிறர் கலம் எது என்று அவை எங்ஙனம் அறியும்? ஒவ்வொருவர் கலத்தின் மேற்பரப்பிலும் அவரவர்க்கே உரிய அடையாளப் புரதங்கள் உள்ளன. வைத்தியர் அவற்றை எச். எல். ஏ. என்பர். கால்நடைக்குக் குறிசுடும் வழக்கம் நம் வன்னியாருக்குத் தெரியும். குறியைப் பார்த்து 'இது எம் பட்டி மாடு, இது அயலார் மாடு' என்று அறிவதுபோலக் காவற்படை அடையாளப் புரதத்தைப் பார்த்து அறிகிறது.

அவ்வறிவை அவை கற்கும் பள்ளி, மார்பெலும்பின் பின்னே உள்ள தைமஸ் என்னும் சுரப்பி. அதன் தொழிலை ஜாக் மில்லர் என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தியது 1961இலேதான். இளங் குழியங்கள் அங்கே சோதிக்கப்படுகின்றன. சொந்த உடலையே தாக்க முற்படும் குழியங்களிற் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. எஞ்சியவையே உடலெங்கும் காவலுக்குச் செல்வன. எனவே 'தன்னைப் பொறுத்தல்' என்பதும் பிறவியிலே தானாக வந்ததன்று. உடல் கற்றுக்கொண்ட ஒழுக்கம் அது.

இனி, தாயின் சிறுநீரகம் மகனுடலிற் பொருத்தப்படுகிறது. மகன் தன் அடையாளங்களிற் பாதியைத் தாயிடமிருந்தும் பாதியைத் தந்தையிடமிருந்தும் பெற்றவன். ஆகவே தாயின் சிறுநீரகத்தில் உள்ள அடையாளங்களிற் பாதி அவனுக்குச் சொந்தம், பாதி அந்நியம். உடன்பிறந்தாரிடையே நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு முழுதும் ஒத்திருத்தற்கு. இரு பங்கு பாதி ஒத்திருத்தற்கு. ஒரு பங்கு முற்றும் ஒவ்வாதிருத்தற்கு. தாயின் அன்பைக் காவற்படை அறியாது. பத்து மாதம் சுமந்தவள் என்ற நன்றியையும் அறியாது. அந்நியக் குறி கண்டதும் அது திரளும், பெருகும், பிறபொருளெதிரிகளை ஆக்கும், சிறுநீரகத்தின் குருதிக் கலன்களைத் தாக்கும். இதனையே நிராகரிப்பு என்பர்.

இதில் வியக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. கருவிலே குழந்தை இருக்கும்பொழுது அதன் அடையாளங்களிற் பாதி தந்தையுடையவை, தாயுடலுக்கு அந்நியமானவை. ஆயினும் தாயுடல் பத்து மாதமும் அதனைப் பொறுத்திருக்கிறது. இஃது எங்ஙனம் என்னும் வினாவை 1953இல் பீற்றர் மெடவார் எழுப்பினார். அன்று தாயுடல் மகனைப் பொறுத்தது. இன்று மகனுடல் தாயின் உறுப்பைப் பொறுக்க மறுக்கிறது. மகன் நன்றியற்றவன் என்பது இதன் பொருளன்று. பொறுத்தற்கு வேண்டிய ஏற்பாடு கருப்பையில் இயல்பாகவே உண்டு; வயிற்றிற் பொருத்திய சிறுநீரகத்துக்கு அவ்வேற்பாடு இல்லை என்பதே பொருள்.

மெடவார் இத்துறைக்கு வந்த வரலாறும் நாம் அறியத்தக்கது. இரண்டாம் உலகப் போரிலே தீக்காயமுற்றோர்க்குப் பிறர் தோலை ஒட்டினால் அது ஏன் உதிர்ந்துபோகிறது என்று ஆராயும் பணி அவருக்கு வந்தது. 1943இல் அவரும் தொமஸ் கிப்சனும் வெளியிட்ட முடிவு இது: ஒருவரின் தோலை முதன்முறை ஒட்டினால் சில நாள் தாங்கும், அதே ஒருவரின் தோலை மறுமுறை ஒட்டினால் முன்னதிலும் விரைவாக அழியும். அஃதாவது, உடல் மறப்பதில்லை. ஒருமுறை பகைத்ததை நினைவில் வைத்து மறுமுறை விரைந்து பகைக்கிறது. முதற் சிறுநீரகத்தை இழந்தவருக்கு இரண்டாவது சிறுநீரகம் பொருந்துதல் அரிதாவதற்கு இந்நினைவும் ஒரு காரணம். என் மாணாக்கன் மாத்திரையை விட்டபொழுது இழந்தது ஒரு சிறுநீரகம் மட்டுமன்று. இனி வரக்கூடிய சிறுநீரகத்துக்கும் அவன் உடலில் பகை மூண்டிருக்கிறது.

அந்நியத்தை உடல் பொறுக்குமாறு செய்தல் இயலுமா? இயலும் என்பதற்கு முதற் சான்று மாட்டுக் கன்றுகளிடமிருந்து வந்தது. ஒரே கருப்பையில் வளர்ந்த இரட்டைக் கன்றுகள் ஒன்றன் குருதிக் கலங்களை மற்றொன்று வாழ்நாள் முழுதும் பகையின்றித் தாங்குவதை 1945இல் அமெரிக்கரான ரே ஓவன் கண்டார். 1953இல் மெடவாரும் அவர்தம் நண்பர் பில்லிங்காம், பிரெண்ட் என்போரும், பிறவாத சுண்டெலிக் குஞ்சுகளுக்கு வேறோர் இனச் சுண்டெலியின் கலங்களை ஊசியால் ஏற்றினர். அக்குஞ்சுகள் வளர்ந்தபின் அவ்வினச் சுண்டெலியின் தோலைப் பகையாது தாங்கின. காவற்படை பாடங் கற்கும் இளம்பருவத்தில் அந்நியத்தை அறிமுகஞ் செய்தால் அதனையும் தன்னதாகக் கொள்ளும் என்பது இதனால் நிறுவப்பட்டது. 1960ஆம் ஆண்டின் நோபெல் பரிசை மெடவாரும், இக்கொள்கையை முன்னரே எண்ணியுரைத்த அவுஸ்திரேலியரான பேணற்றும் பெற்றனர்.

ஆனால் நோயாளிகள் கருவிலுள்ள குஞ்சுகள் அல்லரே. 1954ஆம் ஆண்டு திசெம்பர் 23ஆம் நாள் பொஸ்ரன் நகரில் யோசேப்பு மறே செய்த முதல் வெற்றிச் சிகிச்சையில் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருவினின்றும் பிரிந்த இரட்டையர். அடையாளம் முழுதும் ஒன்றாதலின் பகைக்க எதுவும் இருக்கவில்லை. பெற்றவர் மேலும் எட்டாண்டு வாழ்ந்தார். கொடுத்தவரோ ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை வாழ்ந்தார். சிறுநீரகம் கொடுத்தாற் கொடுத்தவர் வாழ்வு முடிந்தது என்று அஞ்சுவோர் இதனைக் கருதுக. தக்க சோதனையின் பின்னரே கொடுக்கவேண்டும் என்பதையும் உடன் கருதுக.

இரட்டையர் அல்லாதார்க்கு வழி திறந்தவை மருந்துகள். 1960களின் தொடக்கத்தில் அசத்தியோபிரின் என்னும் மருந்தும் அதனோடு பிரெட்னிசோலோன் வகை மருந்தும் வந்தன. பின்னர் நோர்வே நாட்டு மண்ணிற் கிடைத்த ஒரு பங்கசிலிருந்து சைக்கிளோஸ்போரின் பெறப்பட்டது. 1978இல் அது நோயாளிகட்குக் கொடுக்கப்பட்டது. 1984இல் யப்பான் நாட்டு மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து தக்ரோலிமஸ் கண்டறியப்பட்டது. மண்ணை நம்பி வாழும் நமக்கு, உயிர் காக்கும் மருந்துகளும் மண்ணிலிருந்தே வந்தன என்பது மகிழ்ச்சி தருஞ் செய்தி.

இன்று பெரும்பாலார்க்கு மூவகை மாத்திரைகள் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. தக்ரோலிமஸ் போன்றது காவற்குழியத்தின் உள்ளே எழும் 'பகைவன் வந்தான்' என்னும் அறிவிப்பைத் தடுக்கிறது. இரண்டாவது வகை அக்குழியங்கள் பெருகுவதைத் தடுக்கிறது. மூன்றாவதாகிய பிரெட்னிசோலோன் மூண்ட அழற்சியைத் தணிக்கிறது. இவற்றுள் ஒன்றேனும் காவற்படைக்கு 'இவர் நண்பர்' என்று கற்பிப்பதில்லை. ஓங்கிய கையைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. பிடித்த கையை விட்டால் ஓங்கிய கை இறங்கும். தக்ரோலிமஸ் மாத்திரையைப் பெரும்பாலார் காலையும் மாலையும் பன்னிரண்டு மணித்தியால இடைவெளியில் எடுக்கவேண்டியிருப்பதும், குருதியில் அதன் அளவை அடிக்கடி சோதிப்பதும் இதன்பொருட்டே. அளவு குறைந்தாற் பகை எழும், மிகுந்தால் அம்மருந்தே சிறுநீரகத்தைக் கெடுக்கும், நோய்த்தொற்றுக்கும் இடமாகும்.

நிராகரிப்பு பலருக்கு நோவில்லாமலே தொடங்கும் என்பது இதிலுள்ள பெருஞ் சூது. சிறுநீர் வழக்கம்போற் கழியும்; வயலில் வேலை செய்யவும் முடியும். குருதியில் கிரியற்றினின் அளவு ஏறுவது ஒன்றே முதலிற் காட்டிக்கொடுக்கும். 'எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நன்றாயிருக்கிறேன்' என்று ஒருவர் சொல்லும் நாளிலேயே அவருடைய சிறுநீரகம் தாக்கப்பட்டுக்கொண்டிருத்தல் கூடும்.

உடல் சிறிதும் பழகுவதில்லையா என்றால், பழகுகிறது. முதற் சில மாதங்களிற் பகை மிகுதி, பின் தணிகிறது, மருந்தளவையும் வைத்தியர் படிப்படியாகக் குறைக்கின்றனர். காவற்படைக்குள்ளேயே சண்டையைத் தணிக்கும் ஒருவகைக் குழியங்கள் உள்ளன. ஊரிற் சச்சரவு எழும்போது இடையே புகுந்து விலக்கும் பெரியவரைப் போன்றவை அவை. 1995இல் யப்பானியரான சிமோன் சகாகுச்சி அவற்றை இனங்கண்டார். இவ்வாராய்ச்சிக்காக அவரும் அமெரிக்கரான மேரி பிறங்கோ, பிரெட் றம்ஸ்டெல் ஆகியோரும் 2025ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர். கருவைத் தாயுடல் பொறுத்தற்கும் இக்குழியங்கள் துணைசெய்கின்றன. மாற்றுச் சிறுநீரகத்தை மருந்தின்றிப் பொறுக்குமாறு இவற்றைப் பயிற்றுதல் இயலுமா என்பது இன்றைய ஆராய்ச்சி.

பொஸ்ரன் நகர ஆய்வாளர் வேறொரு வழியும் முயன்றனர். சிறுநீரகத்தோடு, கொடுத்தவரின் எலும்பு மச்சையையும் ஏற்றினர். 2008இல் அவர்கள் வெளியிட்ட அறிக்கையின்படி ஐவரில் நால்வர் பின்னர் மருந்தை நிறுத்தியும் சிறுநீரகம் நிலைத்தது. ஒருவர் சிறுநீரகத்தை இழந்தார். வைத்தியர் சொல்லாது தாமாகவே மருந்தை விட்டும் சிறுநீரகத்தை இழவாத ஒரு சிலர் உலகில் உளர் என்பதும் உண்மை. ஆனால் அச்சிலருள் நாம் ஒருவரா என்று முன்கூட்டி அறிதற்கு நம்பத்தகுந்த வழி இன்று வைத்தியர் கையில் இல்லை. ஆகவே மருந்தை விட்டுப் பார்ப்பது சூதாட்டம். பணயமாக வைக்கும் பொருளோ தாயின் உறுப்பு.

இனி என் சொற்பிழைக்கு வருகிறேன். 'ஏற்றுக்கொண்டது' என்பது இறந்தகால வினைமுற்று. தொழில் நிகழ்ந்தது, முடிந்தது, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள். என் மாணாக்கன் இலக்கணம் பிழையாமலே பொருள்கொண்டான், பிழைத்தவன் யானே. யான் சொல்லியிருக்க வேண்டிய சொல் 'பொறுத்துக்கொண்டிருக்கிறது' என்பது. அது முடியாத தொழில். ஒவ்வொரு நாளும் புதிதாக நிகழும் தொழில். மாத்திரை உள்ளவரை நிகழும் தொழில். ரகர றகர வேறுபாட்டை வகுப்பில் விளக்கும்போது 'பொருத்துதல்', 'பொறுத்தல்' என்னும் சொற்களை இப்பொழுது எடுத்துக்காட்டாகத் தருகிறேன். பொருத்துபவர் வைத்தியர், அது சில மணித்தியாலத்தில் முடியும். பொறுப்பது உடல், அது வாழ்நாள் முழுதும் வேண்டும். வைத்தியர் செய்வது செவ்வனே முடிந்தது என்று மகிழும் வீட்டார், உடல் செய்யவேண்டியது அன்றுதான் தொடங்குகிறது என்பதை அறிதல் வேண்டும்.

"வைத்தியர்களே 'ஏற்றுக்கொண்டது' என்று சொல்கின்றனரே; நோயாளியை அச்சுறுத்தாமல் ஆறுதல் சொல்வது நல்லதன்றோ?" என்று சிலர் வினவலாம். ஆறுதல் வேண்டும், பொய் ஆறுதல் வேண்டா. மேலும், 'பொறுத்துக்கொண்டிருக்கிறது' என்பது அச்சுறுத்தும் சொல்லன்று. ஒழுங்காக மருந்தெடுத்துப் பல்லாண்டு வாழ்வோர், மணஞ்செய்து மக்களைப் பெற்றோர், வேலைக்குச் செல்வோர் பலர். அவர்கள் வாழ்வது உடல் ஒருநாள் ஏற்றுக்கொண்டதனால் அன்று. நாடோறும் பொறுக்குமாறு தாம் பார்த்துக்கொள்வதனால். பொறை என்னும் சொல்லுக்குச் சுமை என்றும் பொருள் உண்டு. வள்ளுவர் பொறையுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பொறுத்தல் மெலியார் செயலன்று. இடையறாத முயற்சி என்பதைச் சிறுநீரகம் பெற்றவர் உடலும் மெய்ப்பிக்கிறது.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு பேச்சைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். யானைமுகப் பெருமானின் திருவுருவைக் காட்டி, உறுப்பு மாற்றுச் சிகிச்சையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்பர். திருவுருவத்தை வணங்குவோம், அதனை வைத்தியசாலைக் குறிப்பாக்குதல் சமயத்துக்கும் சிறப்பன்று, விஞ்ஞானத்துக்கும் சிறப்பன்று. நம் கதைகள் உண்மையாகவே கற்பிப்பது வேறொன்று. புறாவுக்காகத் தன் தசையை அரிந்து கொடுத்த சிபி, முதுகெலும்பைக் கொடுத்த ததீசி முனிவர், கண்ணை இடந்து அப்பிய கண்ணப்பர் ஆகியோரால் அவை கொடையின் உயர்வைக் கற்பித்தன. அது நம் பெருஞ் செல்வம். ஆனால் கதை கொடையோடு முடிந்துவிடுகிறது. பெற்றுக்கொண்டவன் அடுத்த நாள் தொடங்கிச் செய்யவேண்டியது யாது என்று எக்கதையும் கூறவில்லை. கொடுத்தவர் செயல் ஒருநாட் செயல்; பெற்றவர் கடன் நாடோறுஞ் செய்யும் கடன். அக்கடனைப் பேசும் ஒழுக்கம் நம்மிடையே இனித்தான் வளரவேண்டும்.

இன்னொரு தீங்கும் உண்டு. கொறோனாத் தொற்றுப் பரவிய 2020ஆம் ஆண்டு தொடங்கி, 'எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும்' என்ற பெயரோடு பலவகைக் கஷாயமும் தூளும் வீடுதோறும் வந்தன. மற்றையோர்க்கு அவை எத்தகையன என்று யான் கூறவரவில்லை. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கோ காவற்படையை அடக்கி வைப்பதே மருந்து. அதனைத் தூண்டிவிடக்கூடிய ஒன்றை அன்பினாற் காய்ச்சிக் கொடுப்பதும் கேடாகலாம். சில மூலிகைகளும், பம்பளிமாசு போன்ற சில பழங்களும் மாத்திரையின் அளவைக் குருதியிற் கூட்டியோ குறைத்தோ விடும். ஆதலின் எதையும் தம் வைத்தியரைக் கேட்டே உண்ணவேண்டும்.

இறுதியாக, இம்மலரைப் படிப்போர் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன்.

ஒன்று, ஆசிரியர்க்கு. நிர்ப்பீடனம் என்னும் பாடம் பரீட்சை வினாவுக்கு மட்டும் உரியதன்று. நம் வகுப்பிலுள்ள பிள்ளையின் தந்தையோ தாயோ மாமனோ அந்நோயோடு வாழக்கூடும். பிள்ளை பள்ளியிற் கற்றதை வீட்டில் தெளிந்த தமிழிற் சொல்லுமாறு செய்வோம். விஞ்ஞான ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒருநாள் ஒரே வகுப்பில் நின்று இப்பாடத்தை நடத்தினால் குறைவொன்றுமில்லை.

இரண்டு, பழைய மாணவர்க்கு. நீவிர் கல்லூரிக்குக் கட்டடமும் விளையாட்டுப் பொருளும் அன்போடு தருகின்றீர். மாத்திரைகள் அரசினர் வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைத்தாலும், கிளினிக்குக்குச் செல்லும் நாளின் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் ஏழைக் கமக்காரனுக்குப் பெருஞ் சுமை. மருந்து தட்டுப்பட்ட 2022 போன்ற ஆண்டுகளில் வெளியே வாங்கும் செலவு அதனிலும் பெரிது. சிறுநீரக நோயுற்ற நம் கல்லூரிக் குடும்பங்களுக்கென ஒரு சிறு நிதி வைத்தல் கட்டடம் ஒன்று எழுப்புதற்குக் குறைந்த அறமன்று.

மூன்று, எல்லோர்க்கும். மூளை முற்றாக இறந்துபட்டபின் ஒருவர் உறுப்புக்களைப் பிறர்க்குக் கொடுத்தற்கு 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் வழிவகுத்துள்ளது. 1961இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தான சங்கத்தால் இலங்கையர் கண் உலகெங்கும் ஒளி தருகிறது. கண் கொடுக்கக் கற்ற நாடு சிறுநீரகமும் கொடுக்கக் கற்கும். வீட்டில் இதனைப் பேசி வைத்தால், துயர் வரும் நாளில் முடிவு எளிதாகும். இன்னொரு தாய் தன் வயிற்றைக் கீறவேண்டிய நிலையும் குறையும்.

என் மாணாக்கன் இப்பொழுதும் வாரத்தில் இருநாள் இயந்திரத்தின் அருகே படுத்திருக்கிறான். சென்ற மாதம் சென்றபொழுது, அங்கே புதிதாக வந்திருந்த ஓர் இளைஞனுக்கு, அடுத்த மாதம் தமையன் சிறுநீரகம் கொடுக்க இருப்பவனுக்கு, அவன் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அருகிற் சென்றபோது கேட்டது: "ஏற்றுக்கொண்டிட்டுது எண்டு ஆர் சொன்னாலும் நம்பாத. அது பொறுத்துக்கொண்டுதான் இருக்கும். குளிசையை ஒருநாளும் விட்டிடாத." யான் கற்பிக்கத் தவறிய பாடத்தை என் மாணாக்கன் எனக்கு முன்னே கற்பித்துக்கொண்டிருந்தான். அவன் சொல்லையே இம்மலர் வழியாக உங்கள் அனைவர்க்கும் சொல்கின்றேன்.